பாங்கோக்காரியின் பதினைந்தாம் நாள்

சல்சாவுக்குப் பேர்போன காலி என்ற ஊரில் நவம்பர் மாதம் பேருந்து ஏறினால், முகத்தில் கட்டுப் போட்ட பெண் ஒருத்தியாவது எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். அடிபட்டதா, யார் அடித்தது என்றெல்லாம் எவரும் கேட்பதில்லை. டிசம்பர் வரப்போகிறது, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் அன்று ஊர் தெருவில் இறங்கினால் ஆண்டு முடியும்வரை ஆடிக்கொண்டே இருக்கும். ஃபேரியா என்கிற அந்தத் திருவிழாவுக்குள் வீக்கம் வடிந்து, கன்றிய நிறம் மறைந்து, புது மூக்கோ புதுக் கன்னமோ பிறவியிலேயே வந்தது போல முகத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். பள்ளி திறக்கும் முன் செருப்பு வாங்குவது போல இந்த ஊர்ப் பெண்கள் அதற்கு நாள் பார்த்து வைத்திருப்பார்கள்.

லிசெத் மொஸ்கேராவும் பார்த்து வைத்திருந்தாள். நவம்பர் மூன்றாம் வாரம், டாக்டர் லொசானோவின் கிளினிக். மோவாய் எலும்பின் மேல், பிறை வடிவத்தில் ஒரு சிலிக்கான் துண்டு.

அவளுக்கு மோவாய் இல்லாமல் இல்லை. முன்னே வரக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறிக் கழுத்துக்குள் திரும்பிவிட்டது. நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். ஆறாம் வகுப்பில் ஒருத்தன் "ஆமை" என்றான். அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். ஒல்லியை ஒல்லி என்றும் சப்பை மூக்கனைச் சப்பை என்றும் பெற்ற தாயே கூப்பிடுகிற ஊர் இது. அழுதால், "அன்பாத்தானே சொல்றோம்" என்பார்கள். அந்த அன்பைச் சாக்கில் கட்டி ஆற்றில் வீச வேண்டும் என்று லிசெத்துக்குத் தோன்றும். பதின்மூன்று வயதில் பள்ளிப் புகைப்படத்தில் தன் முகத்தோரம் பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. புகைப்படம் எங்கேயோ தொலைந்தது. கோடு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவள் ட்ராம்போன் வாசிப்பவள். நீட்டி மடக்கி ஊதுகிற அந்தப் பித்தளைக் குழலுக்காக இசைக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அம்மா எதில்மா சந்தை ஓரத்தில் சோந்தாதுரோ பழத்தைத் தோலுரித்து, உப்பும் தேனும் தடவி விற்று அவளைப் படிக்க வைத்தாள். பட்டம் வாங்கி என்ன? பட்டதாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள், வேலை இல்லை. கடைசியில் 'லாஸ் செண்டெயாஸ்' என்ற பெண்கள் மட்டும் வாசிக்கிற சல்சாக் குழுவில் பின்வரிசையில் இடம் கிடைத்தது. தீப்பொறிகள் என்று பெயர். பொறிக்குச் சொந்தக்காரி தோன்யா அவுரா.

அந்த வருடம் ஃபேரியாவின் முதல் நாள் ஊர்வலத்தில் செண்டெயாக்களுக்கு ஒரு லாரி கிடைத்திருந்தது. லாரியின் மேல் மேடை, இருபுறமும் லட்சம் ஜனம், தொலைக்காட்சி. வாசிக்கப்போகிற புதுப்பாட்டின் நடுவே ட்ராம்போன் தனியாக எழுந்து நிற்கும் ஓர் இடம் உண்டு. அதை வாசிப்பவள் முன்வரிசைக்கு வந்தாக வேண்டும். அந்த முன்வரிசையில்தான் தோன்யா அவுரா கை வைத்தாள்.

"நீ வாசிக்கிறதுல ஒரு குறையும் இல்ல மவளே," என்றாள், ஒத்திகையில், எல்லார் முன்னாலும். "ஆனா இந்த வாத்தியத்த சைடாத்தான் காட்டணும். நீ சைடா நின்னா கேமராவுல கழுத்துதான் வாசிக்குது. மோவாய சரி பண்ணிட்டு வா, சோலோ உன்னது. இல்லன்னா மிலாதி ட்ரம்பெட்ல வாசிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். லிசெத்தும் சிரித்தாள். தோன்யா சொன்னதைவிட, தானும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் அவளைப் பல நாள் தூங்க விடவில்லை.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். அவளைப் பிடித்துத் தள்ளியது தோன்யாவாக இருக்கலாம்; கதவைத் திறந்து வைத்திருந்தது அந்தப் பென்சில் கோடு.

செண்டெயாக்களில் பாதிப் பேர் உடம்பில் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டவர்கள். பூகா ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு வேனில் போகும்போது அத்தனை பேரும் அவளுக்குப் பாடம் எடுத்தார்கள். சிகரெட் இருந்தால் இப்போதே விடு, புண் ஆறாது. ஆஸ்பிரின் தொடாதே, ரத்தம் நிற்காது. தலையணையை உயர்த்தி மல்லாக்கப் படு. சாங்கோச்சோ சூப்பை மிக்சியில் அடித்து உறிஞ்சு, மரவள்ளிக் கிழங்கைத் தவிர, அது பசை மாதிரி ஒட்டும். ஒரு வாரத்துக்கு மிலாதியிடம் பேசாதே, சிரித்துத் தையல் பிய்ந்துவிடும்.

மோவாய் விஷயத்தில் அதிகாரத்தோடு பேசக்கூடியவள் ஒருத்திதான்: பாங்கோ மேளம் வாசிக்கும் கியோமார். மூன்று வருடம் முன்பு இதையே செய்துகொண்டவள். வேன் விளக்கைப் போடச் சொல்லி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். கோயில் சிற்பம் மாதிரி இருந்தது.

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்லடீ," என்றாள் கியோமார். "பதினஞ்சாம் நாள் நான் ஹமுந்தியில மேடையில இருந்தேன். முழு ராத்திரி வாசிச்சேன்."

பதினைந்தாம் நாள். லிசெத் மனதுக்குள் நாட்காட்டியைப் புரட்டினாள். நவம்பர் மூன்றாம் வாரம் செய்தால், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மடங்கு அவகாசம் இருந்தது. மறுநாளே கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசினாள்.

டாக்டர் லொசானோ நல்ல பேர் எடுத்தவர், முறையாகப் பதிவு பெற்றவர். அதையெல்லாம் அவள் விசாரித்துவிட்டுத்தான் போனாள். ஏதோ ஒரு அழகு நிலையத்தின் பின்னறையில் என்னத்தையோ ஊசியில் ஏற்றிக்கொண்டு கன்னம் கட்டியாகிப்போன ஒருத்தி அவள் தெருவிலேயே இருந்தாள். டாக்டர் அவளைப் பல கோணத்தில் படம் எடுத்தார். கணினியில் மோவாயைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே இழுத்துக் காட்டினார். பென்சில் கோடு திரையில் சதையோடு எழுந்து வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் காதில் சரியாக விழவில்லை. என்ன வேலை என்று கேட்டார். இசை என்றாள். அருமை, என் மனைவி நன்றாக ஆடுவாள் என்றார். கிளம்பும்போது, வாய்க்குள் கீறித்தான் துண்டை வைக்கப்போவதாகவும், சொத்தைப் பல் ஏதாவது இருந்தால் கிருமி அங்கே தாவிவிடும் என்பதால் முதலில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்படியும் சொன்னார். கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டாள். மரத்துப்போவது பற்றி அதில் ஒரு வரி இருக்கத்தான் செய்தது. ஆய்வேட்டுக்காக மூட்டை மூட்டையாகப் புத்தகம் படித்தவள், தன் முகத்துக்காக இரண்டு பக்கத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை. கியோமார் சொன்ன பிறகு படிப்பதற்கு என்ன இருக்கிறது?

பல் டாக்டர் கீழ்த்தாடையில் இடப்பக்கம் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்தார். மரப்பு ஊசி போட்டு, குடைந்து, அடைத்து அனுப்பினார். அன்று மாலை ஒத்திகை. நேரமாகிவிட்டதால் லிசெத் அப்படியே தோன்யா அவுராவின் வீட்டுக் கார் கொட்டகைக்கு ஓடினாள். செண்டெயாக்களின் ஒத்திகைக்கூடம் அதுதான்.

ஊதுவாயை உதட்டில் வைத்தாள். இடப்பக்கம் வைத்தது தெரியவேயில்லை. ஊதினாள். காற்று ஓரமாகப் பிய்த்துக்கொண்டு போனது. எச்சில் வழிந்து சட்டையில் விழுந்தது. மறுபடி ஊதினாள். டயரில் ஆணி இறங்கின சத்தம்.

கொட்டகை குலுங்கியது. மிலாதி தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். பஸ்ஸுக்கு லேட்டான கழுதை என்றாள் ஒருத்தி. தோன்யாகூட விசிறியால் வாயை மறைத்துக்கொண்டாள். லிசெத் வலப்பக்கமாக ஒதுக்கி ஊதிப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, உதட்டை விரலால் அழுத்திப் பிடித்து ஊதிப் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. ராத்திரிக்குள் சரியாகிவிடும் என்று தெரியும், ஆகவே அவளும் சிரித்தாள்.

பிறகு அவள் சிரிப்பு நின்றது. எங்கேயோ ஒரு கதவு திறந்து குளிர்காற்று வந்தது போல இருந்தது.

"கியோமார் அக்கா," என்றாள், பாதி உதட்டால். "அந்தப் பதினஞ்சாம் நாள். உனக்கு உதடு எப்பிடி இருந்துச்சு?"

"எப்பிடி இருக்கும்? இப்ப உனக்கு இருக்கே, அதே மாதிரி. மரக்கட்ட."

"எத்தன நாள்?"

"நாளா? நாலு மாசம் இருக்கும். காபி குடிச்சா வழியும், சோறு ஒட்டியிருந்தா தெரியாது. என் புருஷன் ஒரு கைக்குட்டையோடவே அலைஞ்சான்." கியோமார் தன் மோவாயின் ஓரத்தைக் கிள்ளினாள். "இந்த இடம் இன்னிக்கும் கொஞ்சம் தூங்கிட்டுத்தான் இருக்கு."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"மேடை ஏறறதப் பத்தித்தானே பேச்சு? ஏறினேன்." கியோமாருக்கு உண்மையிலேயே புரியவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நான் என்ன, பாங்கோவ உதட்டாலயா வாசிக்கிறேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

லிசெத்துக்கு வந்த கோபம் முதலில் கியோமார் மேல்தான். வீடு போய்ச் சேர்வதற்குள் அது டாக்டர் மேல் தாவியது. கஞ்சி குடிக்கும்போது தன் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா, என்ன முகம் இப்படி இருக்கு என்றாள். மரப்பு ஊசி என்றாள் லிசெத். கரண்டி உதட்டில் பட்டதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. நான்கு மாதம் இப்படி இருந்தால் லாரி, சோலோ, தொலைக்காட்சி எல்லாம் போகும். அது போய்த் தொலையட்டும். திரும்பியே வராவிட்டால்? அம்மா தலையில் சுமந்த அத்தனை கூடையும் அந்த உதட்டில்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் அவள் ட்ராம்போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

வரவேற்பு மேசைப் பெண் பெட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், இன்று உங்களுக்கு நேரம் ஒதுக்கவில்லையே என்றாள். தெரியும், காத்திருக்கிறேன் என்றாள் லிசெத். மூக்கில் கட்டோடு ஒரு சீமாட்டியும், தலையைச் சுற்றித் துணிப்பட்டை கட்டிய இன்னொருத்தியும் நாற்காலியை நகர்த்தி வாத்தியத்துக்கு இடம் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய டாக்டரை வாசலிலேயே மறித்தாள்.

"நான் என்ன வேலை பாக்கறேன் டாக்டர்?"

"இசைன்னு சொன்னீங்க."

"எதால?"

அவர் பெட்டியைப் பார்த்தார். உள்ளே வாங்க என்றார்.

தாளில் இருக்கிறதே, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று முதலில் கொஞ்சம் விறைத்துக்கொண்டார். நான் படிக்காதது என் தப்பு, நீங்கள் கேட்காதது உங்கள் தப்பு, இரண்டையும் கூட்டினால் என் உதடு போயிருக்கும் என்றாள் லிசெத். அவள் பெட்டியைத் திறந்து, குழலைப் பூட்டி, அந்தச் சின்ன அறையில் நின்றபடி சோலோவை வாசித்தாள். அடித்தொண்டையில் தொடங்கி, படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் ஒரு நீண்ட சுரத்தில் போய் நிற்கிற இடம். சுவரில் சட்டம் போட்டிருந்த பட்டயங்கள் அதிர்ந்தன. வெளியே யாரோ மோதிரத்தால் நாற்காலிக் கையில் தாளம் தட்டினார்கள்.

"நிறுத்தாதீங்க," என்றார் டாக்டர். எழுந்து வந்தார். "தொட்டுப் பாக்கலாமா?"

அவள் தலையசைத்தாள். ஊதிக்கொண்டே இருந்தாள். அவர் கட்டைவிரலை அவள் மோவாயில் வைத்து அழுத்தினார், ஓரங்களில் தடவினார், மறுபடி நடுவில் வைத்தார்.

"இந்தத் தசை கல்லு மாதிரி இருக்கு," என்றார். "நான் வாய்க்குள்ள கீறலாம்னு இருந்தேன். வெளிய தழும்பு தெரியாது, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ஆனா அந்தக் கீறல் நேரா இந்தத் தசைக்குள்ளதான் போகும்."

"மரத்துப்போறது?"

"நரம்பு இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, எலும்பிலேர்ந்து வெளிய வருது. துண்டு வைக்கறப்ப அதைக் கொஞ்சமாவது இழுக்கத்தான் வேண்டியிருக்கும். நிறையப் பேருக்குச் சில வாரத்துல, சில மாசத்துல உணர்ச்சி வந்துரும். ரொம்ப அபூர்வமா சிலருக்கு வர்றதில்ல."

"வந்தா நான் இதே மாதிரி வாசிப்பேனா?"

டாக்டர் லொசானோ நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது.

"தெரியாது," என்றார். "பித்தளை ஊதறவங்க யாருக்கும் நான் இதைப் பண்ணினதில்ல. பண்ணினவங்கள விசாரிக்கறேன். அதுவரைக்கும் நவம்பர் தேதிய நானே அடிச்சிடறேன்."

அவள் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். அந்த ஒரு சொல்லில் சண்டை கலைந்துபோனது. இந்தக் கட்டிடத்தில் அதுவரை அவளிடம் யாரும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. எல்லாம் தெரிந்தவரைவிட இவரை நம்பலாம் போலிருந்தது.

ஆகவே உட்கார்ந்து, முன்பே கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் இப்போது கேட்டாள். மயக்க மருந்து யார் கொடுப்பார்கள்? துண்டு நகர்ந்துவிட்டால்? நகரலாம், அதனால்தான் திருகு போட்டு இறுக்குவது உண்டு. கிருமி தொற்றினால்? பெரும்பாலும் வெளியே எடுத்துவிட்டு, ஆறிய பிறகுதான் மறுபடி யோசிக்க முடியும். ஆயுசுக்கும் இருக்குமா? இருக்கலாம், அடியில் உள்ள எலும்பு கொஞ்சம் தேயவும் செய்யலாம். பிடிக்கவில்லை என்று எடுத்துவிட்டால்? மேலே உள்ள தசையும் தோலும் பழையபடி இறுக்கமாக உட்காரும் என்று உறுதி இல்லை. சரியாக வராவிட்டால் திருத்துவது யார் பொறுப்பு? நான்தான், எழுதியே தருகிறேன். கணினிப் படத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். அது நான் வரைந்த படம், வாக்குறுதி இல்லை என்றார். எலும்பையே வெட்டி முன்னால் நகர்த்தும் வழி ஒன்றும் இருக்கிறது, அது இன்னும் பெரிய காரியம். எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு வழி, அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வெளியே வந்தபோது மூக்குக் கட்டு சீமாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் குழு நீ, கண்ணு? சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆடக் கூடாதுன்னு சொல்லல."

தோன்யா அவுராவிடம் போய்ச் சொல்வதுதான் பாக்கி. சுவரொட்டிக்குப் புகைப்படம் எடுக்கிற நாள் அது. கொட்டகையில் எல்லாரும் செம்பு நிறச் சட்டையில் நின்றார்கள்.

"ஃபேரியாவுக்கு முன்னாடி நான் மோவாயில கை வைக்கப் போறதில்ல தோன்யா," என்றாள் லிசெத். "சோலோ என்னது. முன்வரிசையில, சைடாத்தான் நிப்பேன். கழுத்து வாசிக்குதுன்னு யாராவது சொன்னா, கழுத்துக்கும் சேத்துச் சம்பளம் குடுங்க."

தோன்யா விசிறியை மடக்கினாள். அப்படியானால் மிலாதி, என்றாள்.

மிலாதி ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான் வாசிச்சா அந்த இடம் கொசு கத்துற மாதிரி இருக்கும் தோன்யா. ரெண்டு தடவ வீட்ல ஊதிப் பாத்துட்டேன். எங்கம்மா ஜன்னல சாத்துனாங்க."

கியோமார் பாங்கோவில் இரண்டு தட்டுத் தட்டினாள். மன்னிப்புக் கேட்பதாக அவளுக்கு எண்ணம். பிறகு, எடுடா படத்தை, வேர்த்து ஒழுகுது என்று புகைப்படக்காரனை விரட்டினாள். தோன்யா அவுரா மூன்று நாள் லிசெத்தோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது, சட்டையின் கழுத்தை உயர்த்தித் தைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றாள் லிசெத்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் லாரி நகர்ந்தது. தார் கொதித்தது. லிசெத் முன்வரிசையில் பக்கவாட்டில் நின்று, தன் பழைய மோவாயோடும் முழு உதட்டோடும் அந்த இடத்தை வாசித்தாள். உச்சிச் சுரத்தில் போய் நின்றபோது, லாரிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டுத் திரும்ப ஆடினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தெருக்காரர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். "ஆமை! ஆமை!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நடுவில் அம்மா, அழுதுகொண்டு. அவர்கள் பெருமையில்தான் கத்தினார்கள். அதற்காக அந்தப் பெயர் திடீரென்று இனிக்கவில்லை. இன்றும் அவளுக்கு அது பிடிக்காது. ஆனால் அன்று அந்தப் பெயரால் அவள் காற்றைப் பிடுங்க முடியவில்லை.

ஃபேரியா முடிந்தது. ஜனவரியில் டாக்டர் லொசானோ தானாகவே கூப்பிட்டார். வேறு ஊரில் இருவரை விசாரித்திருக்கிறார். மோவாய்க்கு அடியில் வெளியே கீறினால் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், தசை தப்பிக்கும். துண்டும் ஓரங்களில் நீளாத சிறியதாக இருந்தால் நரம்பை அதிகம் இழுக்க வேண்டியதில்லை. கணினிப் படத்தில் பார்த்த அளவுக்கு முன்னே வராது. அபாயம் குறையும், இல்லாமல் போகாது. யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

அவள் நிறைய நாள் யோசித்தாள். சோலோ இப்போது அவளுடையது. அதை யாரும் அவள் மோவாயில் கட்டித் தொங்கவிட முடியாது. சுவரொட்டி ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது, பக்கவாட்டில். இனி யாருக்கும் எதற்கும் இது தேவையில்லை. அப்படி ஆன பிறகுதான் அவளால் கண்ணாடியைப் பார்த்து நிதானமாகக் கேட்க முடிந்தது: உனக்கு வேணுமா? ரொம்ப இல்லை, கொஞ்சம் வேணும் என்று பதில் வந்தது. பதின்மூன்று வயதுக்காரி கேட்டதைவிடக் குறைவாக. யாருக்காக என்று யாராவது நெருக்கினால் முழுப் பதில் அவளிடம் இல்லை. சோந்தாதுரோவுக்கு ஏன் தேன் தடவுகிறாய் என்று யாரும் அம்மாவைக் கேட்பதில்லையே.

தவக்காலம் தொடங்கியதும் செண்டெயாக்களுக்கு வேலை மெலிந்தது. அந்த இடைவெளியில் செய்துகொண்டாள். மிக்சி, உயர்ந்த தலையணை, மிலாதிக்குத் தடை என எல்லாம் வேனில் சொன்னபடியே நடந்தது. அம்மா கட்டைப் பார்த்து முதலில் திட்டினாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் டாக்டரின் 'தெரியாது' கதையைத் தானே கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். கியோமார் தன் புருஷனின் கைக்குட்டைகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

உதடு மரத்துத்தான் போனது. தெரிந்துதான் போனாள், ஆனாலும் முதல் முறை காபி வழிந்தபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். டாக்டர் நாள் சொல்லும்வரை ஊதுவாயைத் தொடவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள். காலையில் எழுந்ததும் ஈரப் பஞ்சால் உதட்டோரம் தடவிப் பார்ப்பாள். ஒரு நாள் வலப்பக்கம் எறும்பு ஊர்ந்தது. இன்னொரு நாள் நடுவில். இடப்பக்க ஓரம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது.

ஈஸ்டர் கழிந்து டாக்டர், மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார். அன்று மாலை லிசெத் கொல்லைப் படியில் உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்து அவள் முகத்தின் நிழல் சுவரில் விழுந்தது. அந்தக் கோடு இருந்தது. பள்ளிப் புகைப்படத்தில் இழுத்ததைவிடக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் தயக்கத்தோடு. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ட்ராம்போனைப் பூட்டினாள். உதட்டில் வைத்தாள். பித்தளையின் குளிர்ச்சி வலப்பக்கம் தெரிந்தது. நடுவில் தெரிந்தது. இடப்பக்கம், எங்கோ தூரத்தில், யாரோ விரல் வைத்தது போலத் தெரிந்தது.

ஊதினாள். கரகரப்பாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் ஒழுகாமல் ஒரு சத்தம் வந்தது. அடிசுரம்தான். பிடித்து நிறுத்தினாள்.

பழத்தோல் உரித்துக்கொண்டிருந்த அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "யாரு வீட்டுலடீ பன்னி கத்துது?"

லிசெத் ஊதுவாயை எடுத்தாள். கைக்குட்டையைத் தேடினாள். தேவைப்படவில்லை.

"பன்னி இல்லம்மா," என்றாள். "உம் பட்டதாரி."

அடுத்த சுரத்துக்கு உதட்டைக் குவித்தாள்.